டிவி அனுப்பியவர்கள் பார்க்காத மெட்ச்

2022 டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணி. உக்குவளையில எங்கட வீட்டு ஹோலில உட்கார இடமில்லை. வாப்பா கதிரையில, சாச்சாட பிள்ளைகள் பாயில, பக்கத்து வீட்டுப் பொடியன்மார் கதவு நிலையில. லுசைல் மைதானத்தில ஆர்ஜென்டினாவும் பிரான்ஸும். 23ஆவது நிமிடம் மெஸ்ஸியின் பெனல்டி. 36ஆவது நிமிடம் டி மரியா. வீடு அதிர்ந்தது. உம்மா குசினியில இருந்து ஓடி வந்து, "என்ன, யாரு விழுந்த?" என்று கேட்டார்.

அந்தக் கூச்சலுக்கு நடுவுல என்ட போனுக்கு ஒரு மெசேஜ் வந்தது. கட்டாரில இருக்கிற நானா அனுப்பியது. ரெண்டே சொல்.

"ஸ்கோர் என்ன?"

நானா இருந்தது டோஹாவில. ஃபைனல் நடக்கிற மைதானத்துக்கு அவர் வேலை செய்த இடத்தில இருந்து வாகனத்தில போனா ஒரு மணித்தியாலம் கூட ஆகாது. நாங்க இருந்ததோ மூவாயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால், சுது கங்கைக் கரையில. மைதானத்துக்குப் பக்கத்தில இருந்தவர் கடலுக்கு இந்தப் பக்கம் இருந்த எங்களிட்ட ஸ்கோர் கேட்டார். அவருக்கு அன்றைக்குப் பன்னிரண்டு மணித்தியால செக்கியூரிட்டி டியூட்டி. போனைக் கையில வைத்திருந்தாலே சம்பளத்தில வெட்டு. டொய்லட்டுக்குப் போற சாக்கில அந்த ரெண்டு சொல்லை அனுப்பியிருக்கிறார்.

நான் "2-0" என்று பதில் போட்டேன். அவர் அதைப் பார்க்கும்போது எம்பாப்பே 80ஆவது, 81ஆவது நிமிடங்களில ரெண்டு கோலும் அடித்து முடித்திருந்தார். அவருக்குக் கிடைத்த ஸ்கோர் கூடப் பழைய ஸ்கோர்தான்.

பிறகு யோசித்தால், இது நானாவோட மட்டும் நடந்த கதை இல்லை. எங்கட குடும்பத்தில 1990இலயும் நடந்தது, 1994இலயும் நடந்தது, 2018இலயும் நடந்தது. வெளிநாட்டில இருந்து மெட்ச் பார்க்க முயன்ற எங்கட ஆட்களின் கதையை வரிசையாக வைத்துப் பார்த்தால், அது ஒரு சின்ன வரலாறு. உதைபந்தாட்டத்தின் வரலாறு இல்லை. எங்கட ஆட்களின் பின்னேரம் யார் கையில இருந்தது என்ற வரலாறு.

டிவி வந்த வழி

முதலில் டிவி எப்படி எங்கட ஊருக்கு வந்தது என்று சொல்லவேண்டும்.

இலங்கையில தொலைக்காட்சி தொடங்கியது 1979 ஏப்ரல் 13, ஐ.டி.என். மூலம். நாடு முழுக்கப் பார்க்கக்கூடிய மாதிரி ரூபவாஹினி வந்தது 1982 பெப்ரவரி 15. அதே வருஷம் ஜூன் மாதம் ஸ்பெயினில உலகக் கிண்ணம்.

உக்குவளைக்காரருக்கு இதில ஒரு பகிடி இருக்கு. பொல்கொல்லையில மகாவலியை மறித்து, எட்டுக் கிலோமீட்டர் அளவான சுரங்கத்தால தண்ணியை இந்தப் பக்கம் திருப்பி, 1976இல இருந்து உக்குவளை மின் நிலையத்தில கரண்ட் எடுக்கிறாங்க. கரண்ட் பிறக்கிற ஊர் எங்கட ஊர். ஆனா வாப்பா சொல்வார், மின் நிலையம் வந்து எத்தனையோ வருஷத்துக்குப் பிறகும் மேட்டுப் பக்கத்து வீடுகளில குப்பி விளக்குத்தான் எரிந்தது என்று. டிவி இருந்த ஒன்றிரண்டு வீடுகளிலயும் கார் பெட்டரியைக் கொழுவித்தான் பார்த்தாங்களாம். மெட்ச் முடியுமுன்னே பெட்டரி இறங்கிவிடும். படம் சுருங்கிச் சுருங்கி, நடுவில ஒரு புள்ளியாகிப் போய்விடுமாம்.

அந்த டிவிகளை வாங்கிய காசு எங்கே இருந்து வந்தது? மிளகும் கராம்பும் விற்றும் கொஞ்சம் வந்திருக்கும். பெரும்பாலும் வந்தது வளைகுடாவில இருந்து. 1973இல எண்ணெய் விலை ஏறியது. குவைத், சவூதி, கட்டார், அமீரகம் எல்லாம் ரோட்டும் துறைமுகமும் கட்டடமும் எழுப்பத் தொடங்கின. 1977இல ஜே.ஆர். ஜயவர்தன அரசு பொருளாதாரத்தைத் திறந்துவிட்ட பிறகு, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புவது ஒரு தொழிலாகவே மாறிவிட்டது. 1985ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டத்தால் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகம் அமைக்கப்பட்டது. அதற்குள்ள எங்கட பக்கத்துக் கிராமங்களில, "யாரு வெளிநாட்டில?" என்று கேட்டால் விரல் மடிக்கிற அளவுக்கு வீட்டுக்கு வீடு ஆள் போயிருந்தது.

போனவர் திரும்பி வரும்போது கட்டுநாயக்க டியூட்டி ஃப்ரீயில டிவி எடுத்து வருவார். வேனின் கூரையில கட்டிய அந்தப் பெட்டியைப் பார்த்துத்தான் ஊரே சொல்லும், இவர் உழைத்துவிட்டு வந்திருக்கார் என்று.

1990: சாச்சாவும் குவைத்தும்

சாச்சா குவைத்துக்குப் போனது எண்பதுகளின் கடைசியில. ஒரு பகாலாவில, அதாவது தெருமுனைச் சில்லறைக் கடையில, வேலை. கடை முதலாளிக்கு உதைபந்தாட்டம் என்றால் உயிர். அவர் சலிக்காமல் சொன்ன கதை ஒன்று இருக்கு. அது கட்டுக்கதை இல்லை, உலகமே பார்த்தது.

1982 உலகக் கிண்ணத்துக்குக் குவைத் முதல்முறை தகுதி பெற்றது. ஜூன் 21, வல்லடோலிட் நகரில பிரான்ஸுடன் மெட்ச். பிரான்ஸ் 3, குவைத் 1. அந்த நேரம் பார்வையாளர் பக்கம் இருந்து ஒரு விசில் கேட்டது. நடுவரின் விசில் என்று நினைத்துக் குவைத் வீரர்கள் நின்றுவிட்டாங்க. பிரான்ஸின் ஜிரெஸ் பந்தைக் கோலுக்குள்ள அடித்தார். குவைத் உதைபந்தாட்டச் சங்கத் தலைவர் ஷேக் ஃபஹத் அல் அஹ்மத் அல் சபாஹ் இருக்கையை விட்டு எழும்பி மைதானத்துக்குள்ள இறங்கிவிட்டார். சோவியத் நடுவர் ஸ்டூபார் கொடுத்த கோலையே வாபஸ் எடுத்தார். பிறகு பிரான்ஸ் இன்னொன்று அடித்து 4-1 என்று வென்றது வேறு கதை. உலகக் கிண்ண மெட்ச் ஒன்றையே நிறுத்திவைக்கக்கூடியவர் அந்த ஊரில இருந்தார். அதே ஊரில, மெட்ச் பார்க்க ஒரு மணித்தியாலம் கடையை விட்டு நகர முடியாதவராகச் சாச்சா இருந்தார்.

1990 ஜூலை 8, ரோம் நகரில ஃபைனல். மேற்கு ஜெர்மனியும் ஆர்ஜென்டினாவும். குவைத் நேரம் இரவு ஒன்பது. சாச்சாட கடையில பின்பக்கம் ஒரு சின்ன டிவி இருந்தது. முதலாளியும் கூட்டாளிமாரும் அதைச் சுற்றி. சாச்சா முன்பக்கம் தராசடியில. மரடோனா எப்படி விளையாடினார் என்று அவருக்குத் தெரியாது. உள்ளே எழும்பிய சத்தத்தை வைத்துத்தான் மெட்ச்சைப் பின்தொடர்ந்தாராம். 85ஆவது நிமிடம் பிரெஹ்மே பெனல்டி அடித்தபோது ஒருத்தருக்குப் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்தாராம். "சத்தம் கேட்டது, கை ஆடிட்டு, கொஞ்சம் கூடப் போட்டுட்டேன்" என்று இன்றைக்கும் சிரிப்பார்.

அந்த ஃபைனல் நடந்து சரியாக 25ஆம் நாள், ஓகஸ்ட் 2 விடியப்புறம், சதாமின் டாங்கிகள் குவைத்துக்குள்ள வந்தன. 1982இல மைதானத்துக்குள்ள இறங்கிய அந்த ஷேக் ஃபஹத் அன்றே தஸ்மான் மாளிகையில கொல்லப்பட்டார். அப்போது குவைத்தில ஏறக்குறைய ஒரு லட்சம் இலங்கையர் இருந்தாங்க. சாச்சாவும் அதில ஒருவர். ஈராக்கைக் குறுக்கே கடந்து, ஜோர்தான் எல்லையில, பாலைவனக் கூடாரத்தில ரொட்டிக்கும் தண்ணிக்கும் வரிசையில நின்று, கடைசியில ஒரு கைப்பையோட கட்டுநாயக்கவில வந்திறங்கினார். வேன் கூரையில ஒன்றும் இல்லை.

பிறகு ஐக்கிய நாடுகள் சபை ஒரு நஷ்டஈட்டு ஆணைக்குழு அமைத்தது. குவைத்தை விட்டு ஓடிவந்த தனியாட்களுக்கு 2,500 டொலர் அல்லது 4,000 டொலர் என்று நிலையான தொகை. சாச்சாவுக்கும் பல வருஷம் கழித்து வந்தது. அதில கூரைக்குத் தகடு போட்டார். மிச்சத்தில ஒரு டிவி வாங்கினார். 1990 ஃபைனலின் தொடர்ச்சி என்று அதை அவரே பகிடியாகச் சொல்வார்.

1994: மாமியும் ரியாத்தும்

தொண்ணூறுகளில கதை மாறுது. போகிறவர்கள் மாறினாங்க. அந்தப் பத்தாண்டின் நடுப்பகுதியில இலங்கையில இருந்து வேலைக்குப் போனவர்களில நான்கில் மூன்று பங்களவு பெண்கள். பெரும்பாலும் வீட்டுப் பணிப்பெண்கள். எங்கட மாமியும் அப்படித்தான் ரியாத்துக்குப் போனார்.

1994இல சவூதி அரேபியா முதல்முறை உலகக் கிண்ணத்தில விளையாடியது. ஜூன் 29, வொஷிங்டனில பெல்ஜியத்துடன் மெட்ச். ரியாத்தில அப்போது இரவு ஏழரை. ஐந்தாவது நிமிடம் சயீத் அல் ஒவைரான் தன்னுடைய பாதியிலேயே பந்தை எடுத்து, ஒருவருக்குப் பின் ஒருவராக பெல்ஜியக்காரர்களைக் கடந்து, தனியாகவே ஓடிக் கோல் அடித்தார். உலகக் கிண்ண வரலாற்றின் மிக அழகான கோல்கள் என்று எந்தப் பட்டியல் போட்டாலும் அது இருக்கும். சவூதி 1-0 என்று வென்று அடுத்த சுற்றுக்கும் போனது.

அந்த நேரம் அந்த நாட்டுக்குள்ள, ஒரு வீட்டுக்குள்ள, டிவி இருந்த அறைக்கு ரெண்டு சுவர் தள்ளி மாமி இருந்தார். ஆண்கள் மஜ்லிஸில. மாமி குசினியில. பெரிய சத்தம் கேட்டதாம். "யாருக்கோ என்னமோ நடந்துட்டு என்று நெனச்சேன். பயத்தில கையில இருந்த கோப்பையைக் கீழ வெச்சிட்டேன். பிறகு சிரிக்கிற சத்தம் கேட்டது. சரி, நல்ல விஷயம்தான் என்று டீயை ஊத்தினேன்." அந்த இரவைப் பற்றி அவருக்கு வேறு ஞாபகம் இல்லை. இன்னும் நிறையப் பேர் வந்தாங்க, இன்னும் நிறையக் கோப்பை கழுவினார், அவ்வளவுதான்.

இங்கே ஒன்றைக் கவனிக்கவேண்டும். சாச்சா பார்க்காததற்குக் காரணம் வேலை. மாமி பார்க்காததற்குக் காரணம் வேலை மட்டும் இல்லை. கடை மூடினால் சாச்சாவுக்கு ஒரு ரூம் இருந்தது, ரூமில கூட்டாளிமார் இருந்தாங்க, பார்த்தவன் சொல்லக் கேட்கவாவது முடிந்தது. மாமிக்கு வேலை செய்கிற இடமும் படுக்கிற இடமும் ஒன்று. அவருடைய நாளுக்கு 'டியூட்டி முடிந்தது' என்று ஒரு நேரமே இல்லை. சவூதியின் தொழிற்சட்டம் வீட்டுப் பணியாளர்களை உள்ளடக்கவில்லை. அவர்களுக்குத் தனி விதிகள் வந்ததே 2013இலதான்.

1996இல மாமி திரும்பி வரும்போது 21 இஞ்சி கலர் டிவி ஒன்று கொண்டு வந்தார். 1998 ஃபைனலை, பிரான்ஸ் பிரேசிலை 3-0 என்று அடித்ததை, எங்கட குடும்பம் முழுக்க அந்த டிவியிலதான் பார்த்தது. மாமி அப்போது திரும்பவும் ரியாத்தில.

ஒவைரானின் கோலை மாமி முதல்முறை பார்த்தது 2022 நவம்பரில. சவூதி ஆர்ஜென்டினாவை வென்ற நாள், பேரன் போனில பழைய கோல்களைத் தேடித் தேடிக் காட்டிக்கொண்டிருந்தான். 28 வருஷத்துக்குப் பிறகு கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதைப் பார்த்தவர், திரும்பவும் போடச் சொல்லி இன்னொரு தரம் பார்த்தார். "ஆ, இதுக்கா அண்டைக்கு அப்பிடிக் கத்தின!" என்றார். கொஞ்சம் பொறுத்து, "கத்தத்தான் வேணும்" என்றார்.

2018: கார்ட் என்ற பூட்டு

ரெண்டாயிரத்துக்குப் பிறகு இன்னொரு பூட்டு விழுந்தது. அதுவரை நேரம் கிடைத்தால் போதும், எங்கேயாவது ஒரு டிவியில மெட்ச் ஓடும். இப்போது டிவி இருந்தாலும் கார்ட் வேண்டும்.

உலகக் கிண்ண ஒளிபரப்பு உரிமை பெரிய வியாபாரமாகியது. அரபு நாடுகளில அந்த உரிமையை ஏ.ஆர்.டி. என்ற கட்டணச் செனல் நிறுவனம் வாங்கியது. 2006 உலகக் கிண்ணத்தைப் பார்க்க ஸ்மார்ட் கார்ட் வாங்கவேண்டும் என்ற நிலை வந்தபோது அரபு மக்களே கோபப்பட்டாங்க. 2009 நவம்பரில ஏ.ஆர்.டி.யின் விளையாட்டுச் செனல்களை அல் ஜசீரா ஸ்போர்ட் வாங்கியது. அது 2014இல பீஇன் ஸ்போர்ட்ஸ் என்று பெயர் மாறியது. தலைமையகம் கட்டாரில.

2017 ஜூன் 5, சவூதி, அமீரகம், பஹ்ரைன், எகிப்து நான்கும் கட்டாருடன் உறவை முறித்தன. சவூதியில பீஇன் தடை. அதே ஓகஸ்டில 'பீஅவுட்கியூ' என்று ஒரு திருட்டுச் செனல் தொடங்கியது. பீஇன்னின் ஒளிபரப்பை அப்படியே எடுத்துத் தன்னுடைய முத்திரையைப் போட்டு ஓட்டியது. 2018 உலகக் கிண்ணம் முழுக்க அதில ஓடியது. விஷயம் உலக வர்த்தக அமைப்பு வரைக்கும் போனது. அந்தத் திருட்டுக்கு எதிராகச் சவூதி குற்றவியல் நடவடிக்கை எடுக்கத் தவறியது என்று 2020 ஜூனில அறிக்கை வந்தது.

அரசுகள் சண்டை போட்டன, நிறுவனங்கள் வழக்குப் போட்டன. மாமிட மகன், எங்கட மச்சான், அந்த நேரம் ரியாத்தில ஹவுஸ் டிரைவர். உம்மா விட்ட இடத்துக்கு மகன். கார்ட் வாங்கவும் அவரிட்ட டிவி இல்லை, திருட்டுப் பெட்டி வாங்கவும் டிவி இல்லை. கேட்டுக்குப் பக்கத்தில ஒரு அறை, ஒரு கட்டில், ஒரு போன்.

ஜூன் 14 தொடக்க மெட்ச், ரஷ்யாவும் சவூதியும். நோன்பு 29. மொஸ்கோ நேரமும் ரியாத் நேரமும் ஒன்று, மாலை ஆறு. மெட்ச்சின் பாதி நேரமும் ரியாத்தில நோன்பு திறக்கிற நேரமும் கிட்டத்தட்டச் சேர்ந்தே வந்தன. வீட்டுக்காரர் பேரீச்சம்பழத்தோட டிவிக்கு முன்னால. மச்சான் பெருநாள் சாமான் ஏற்றிக்கொண்டு ரோட்டில. சவூதி 5-0 என்று தோற்றது. அன்றைக்குப் பார்க்காதது நல்லதுதான் என்று அவர் சொல்வார்.

ஃபைனலை ஆனா விட மனம் வரவில்லை. 2017 செப்டம்பரில சவூதி அரசு இணைய வழி அழைப்புகளுக்கு இருந்த தடையை எடுத்திருந்தது. அதனால ஒரு வழி பிறந்தது. 2018 ஜூலை 15, உக்குவளையில மாமி வீட்டு டிவிக்கு முன்னால மச்சானின் மனைவி ஒரு கதிரை போட்டு, அதுக்கு மேல ரெண்டு தலையணை அடுக்கி, போனைச் சாத்திவைத்து இமோவில வீடியோ அழைப்பு எடுத்தார். ரியாத்தில ஒரு சுப்பர் மார்க்கெட் வாகனத் தரிப்பிடத்தில, வீட்டு எசமானி கடையை விட்டு வெளியே வரும்வரை, மச்சான் ஸ்டியரிங்கில போனைச் சாய்த்து பிரான்ஸ் - குரோஷியா ஃபைனலைப் பார்த்தார்.

யோசித்துப் பாருங்க. ரஷ்யாவில நடக்கிற மெட்ச் சட்டலைட்டால இலங்கைக்கு வந்து, உக்குவளையில ஒரு டிவியில விழுந்து, அதைப் போன் பிடித்து, திரும்பவும் அரபு நாட்டுக்கு அனுப்புது. அந்த டிவியையும் போனையும் வாங்கிய காசு ரியாத்தில இருந்து வந்தது. பந்து எங்கே என்று தெரியாத அளவுக்குப் படம் கலங்கலாம். படம் நின்று நின்று வரும், சத்தம் முந்திக்கொள்ளும். பிள்ளைகள் "கோல்" என்று கத்தி முடிந்த பிறகுதான் அவருக்குப் பந்து உள்ளே போகும். ஆறு கோலில மூன்றைத்தான் பார்த்தார். நான்காவது வரும்போது எசமானி ட்ரொலியோட வந்துவிட்டார்.

"மெட்ச் தெரியவே இல்ல. புள்ளைகள்ட பின்தலை நல்லாத் தெரிஞ்சிச்சு" என்று மச்சான் சொன்னார். அதுக்காகவே கட் பண்ணாமல் வைத்திருந்தாராம்.

2022: பக்கத்தில இருந்தும்

இனி நானாவின் கதைக்கு வருவோம். 2022 எப்படி இருந்தது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. எரிபொருள் வரிசை, கேஸ் வரிசை, பதின்மூன்று மணித்தியாலக் கரண்ட் கட். அந்த ஒரு வருஷத்தில மட்டும் மூன்று லட்சத்துக்கும் மேலான இலங்கையர் வேலைக்காக வெளிநாடு போனாங்க. நானாவும் அந்தக் கணக்கில ஒருவர். கட்டாரில உலகக் கிண்ணம் என்பதால வேலைக்கு ஆள் எடுத்தாங்க. அவர் போன காரணமே உலகக் கிண்ணம். அதைப் பார்க்க முடியாத காரணமும் அதுதான்.

நியாயமாகச் சொல்லவேண்டியதையும் சொல்லவேண்டும். 2010 டிசம்பர் 2இல கட்டாருக்கு வாய்ப்புக் கிடைத்த பிறகு, உலகத்தின் கண் பட்டதால சில சட்டங்கள் மாறின. 2017இல வீட்டுப் பணியாளர்களுக்கென்று சட்டம் வந்தது. நாளுக்குப் பத்து மணித்தியாலத்துக்கு மேல் வேலை இல்லை, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. 2021 மார்ச் முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,000 ரியால். வேலை மாற முதலாளியின் அனுமதிக் கடிதம் தேவையில்லை. கட்டாரில வசிப்பவர்களுக்கு ஆகக் குறைந்த டிக்கெட் 40 ரியால். தொழிற்பேட்டைப் பக்கம் ஏசியன் டவுன் கிரிக்கெட் மைதானத்தில தொழிலாளர்களுக்கென்று பெரிய திரை போட்டாங்க, காசு இல்லை. நானாட ரூமில இருந்த ஒருவர் லீவு நாளில அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து விடிய விடியக் கதை சொன்னாராம். பார்த்தவர்களும் இருக்கிறாங்க.

பார்க்கமுடியாமலே போனவர்களும் இருக்கிறாங்க. 2021 பெப்ரவரியில கார்டியன் பத்திரிகை, கட்டாருக்கு உலகக் கிண்ணம் கிடைத்த பிறகு இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், பங்களாதேஷ், இலங்கை ஐந்து நாடுகளின் 6,500க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் அங்கே இறந்ததாகக் கணக்குப் போட்டது. அதில 557 பேர் இலங்கையர். எல்லாரும் மைதானம் கட்டியவர்கள் இல்லை. எல்லா வேலையும், எல்லாக் காரணமும் சேர்ந்த எண்ணிக்கை அது. அப்படியிருந்தும் 557 பேர் உயிரோட வீடு திரும்பவில்லை.

உலகக் கிண்ணம் நடந்த நாட்களில கட்டார் அரச அலுவலகங்களில ஐந்தில் ஒரு பங்கு ஊழியர் மட்டும் வந்தால் போதும், அதுவும் காலை ஏழில இருந்து பதினொரு மணி வரை என்று அறிவித்தாங்க. நவம்பர் 22இல சவூதி ஆர்ஜென்டினாவை 2-1 என்று வென்றபோது, மன்னர் அடுத்த நாளை முழு நாட்டுக்கும் விடுமுறை ஆக்கினார். அரச துறை, தனியார் துறை, பாடசாலை எல்லாவற்றுக்கும். அந்த விடுமுறை நாளில ரியாத் வீடுகளில யார் சமைத்தாங்க, யார் கோப்பை கழுவினாங்க என்று மாமியிட்ட கேட்டால் தெரியும். எசமானுக்கு லீவு என்றால் பணிப்பெண்ணுக்கு வேலை கூட.

நானாட 40 ரியால் டிக்கெட்டும் அப்படித்தான். காசு பிரச்சினை இல்லை, ஒரு நாள் சாப்பாட்டை இறுக்கினால் சமாளித்துவிடலாம். லீவுதான் பிரச்சினை. புதிதாகப் போனவர், ஆறு மாதம் கூட ஆகவில்லை. சனம் கூடிய நகரத்துக்குக் காவல் வேண்டும் என்று அந்த மாதம் எல்லாருக்கும் லீவை வெட்டிவிட்டாங்க.

2034: யார் போவது?

2024 டிசம்பர் 11இல 2034 உலகக் கிண்ணம் சவூதிக்கு என்று உறுதியானது. ஐந்து நகரங்கள், பதினைந்து மைதானங்கள். பெரும்பாலானவை புதிதாகக் கட்டவேண்டியவை. செய்தி வந்த அன்றைக்கு எங்கட பொடியன்மார் குழுவில ஒருத்தன், "மச்சான், 2034 நாங்க சவூதியில!" என்று போட்டான். இன்னொருத்தன் கேட்டான்: "பார்க்கவா, கட்டவா?"

எல்லாரும் சிரிப்பு முகம் போட்டோம். ஆனா அது நல்ல கேள்வி.

எங்கட ஊரில வெளிநாடு போகிறவன் ஏஜன்டிடம் கேட்கிற முதல் கேள்வி "சம்பளம் எவ்வளவு?" ரெண்டாவது "டிக்கெட் யாரு போடுற?" மூன்றாவது கேள்வி கேட்கிற பழக்கமே எங்களுக்கு இல்லை. வேலை எத்தனை மணிக்கு முடியும்? வாரத்தில எந்த நாள் லீவு? அந்த நாளில நான் வெளியே போகலாமா? இதெல்லாம் ஒப்பந்தத்தில எழுதியிருக்கவேண்டிய விஷயங்கள். எழுதியிருந்தாலும் நாங்க வாசிப்பதில்லை, வாசிக்காமலே கையெழுத்துப் போடுகிறோம். மெட்ச் பார்ப்பது ஒரு பெரிய விஷயமா என்று கேட்பீங்க. இல்லைதான். ஆனா சேர்ந்தாற்போல் ரெண்டு மணித்தியாலம் ஒருத்தரிட்ட கேட்காமல் உட்காரமுடியுமா என்று கண்டுபிடிக்க அதைவிட லேசான கேள்வி இல்லை. அது முடியாதவருக்கு டொக்டரிட்ட போக முடியாது, ஜும்ஆவுக்குப் போக முடியாது, பிள்ளை பிறந்த செய்தி வந்தால் கதவை மூடிக்கொண்டு அழவும் முடியாது.

நானா போன வருஷம் லீவில வந்தார். வரும்போது 43 இஞ்சி டிவி. பழையதைச் சாச்சா வீட்டுக்குக் கொடுத்தோம். வந்த ரெண்டாம் நாள் இரவு இஷா தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தவர், "அந்த ஃபைனலைப் போடுடா" என்றார். முழு மெட்ச்சையும் தேடிப் போட்டேன். முடிவு தெரிந்த மெட்ச். 3-3, பெனல்டியில 4-2, கடைசி அடி மொன்டியேல். ஆனா நானா நகத்தைக் கடித்துக்கொண்டு பார்த்தார். 36ஆவது நிமிடம் டி மரியா அடித்தபோது எங்களை விட அவர்தான் கத்தினார். உம்மா குசினியில இருந்து எட்டிப் பார்த்தார்.

"இவளவு லேட்டா ஏண்டா கத்துற?" என்றார்.

"இப்பதான் உம்மா டியூட்டி முடிஞ்ச" என்றார் நானா.